கணவருக்கு கிட்னி: நானா, மாமியாரா, தாய்மாமாவா?

நொய்யல்கரை:
கணவருக்கு வயது 38, பி பாசிட்டிவ். ஐஜிஏ நெஃப்ரோபதி (கிட்னியின் வடிகட்டிகளைக் கெடுக்கும் நோய்) என்று பயாப்ஸியில் வந்தது. இப்போது வாரம் மூன்று டயாலிசிஸ். ஹீமோகுளோபின் குறைந்ததால் இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். கொடுக்க முன்வருபவர்கள்: நான் (34, ஓ பாசிட்டிவ், இரண்டு குழந்தைகள்), மாமியார் (59, பி நெகட்டிவ், பிபிக்கு ஒரு மாத்திரை), கணவரின் தாய்மாமா (52, ஓ பாசிட்டிவ்). இரண்டு பிரசவம் ஆனவள் கொடுத்தால் பொருந்தாது என்கிறார்கள், உண்மையா? யாரிடமிருந்து பரிசோதனையைத் தொடங்குவது?

கிராஸ்மேட்ச்:
பிரசவ விஷயத்தைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள். கர்ப்பத்தில் எதிர்ப்பொருள் (பிறர் திசுவைத் தாக்கும் புரதம்) உண்டாவது உங்கள் ரத்தத்தில். கணவரோ பிள்ளையோ *உங்களுக்கு*க் கொடுத்தால்தான் அது தடை. நீங்கள் கொடுக்கும்போது பார்க்க வேண்டியது அவர் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை. அங்கே கவலை அந்த இரண்டு யூனிட் ரத்தம்தான், அதுவும் எதிர்ப்பொருளை உண்டாக்கலாம். இனி அவசரம் இல்லாமல் ரத்தம் ஏற்ற வேண்டாம். ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபொய்டின் ஊசியும் இரும்பு ஊசியும் போட்டுச் சமாளிக்க முடியுமா என்று கேளுங்கள். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வெள்ளணு நீக்கிய ரத்தமாகக் கேளுங்கள்.

ரத்த வகையில் மூவருமே தேறுகிறீர்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் கிட்னிக்குக் கணக்கில்லை. அடுத்தது எச்எல்ஏ டைப்பிங், அதாவது திசு வகைப் பொருத்தம் பார்ப்பது. தாய்க்கும் மகனுக்கும் பாதி கட்டாயம் பொருந்தும். கணவன் மனைவிக்குப் பொருந்தாமலே போகலாம். அதற்காக மாற்று தோற்காது, இப்போதைய மருந்துகள் அதைத் தாங்கும். கதவை அடைப்பது கிராஸ்மேட்ச் (கொடுப்பவரின் அணுக்களை அவர் ரத்தம் தாக்குகிறதா என்ற சோதனை) பாசிட்டிவ்தான். சிடிசி என்ற பழைய முறை மட்டும் போதாது, அதைவிட நுட்பமான ஃப்ளோ கிராஸ்மேட்ச்சும் டிஎஸ்ஏவும் (கொடுப்பவருக்கு எதிரான எதிர்ப்பொருள் சோதனை) சேர்த்துக் கேளுங்கள். அறுவைக்குச் சில நாள் முன்பு மறுபடியும் செய்வார்கள். இடையில் ரத்தம் ஏற்றியிருந்தால் விடை மாறிவிடும்.

படிவம்11:
சட்டத்தைப் பொறுத்தவரை மனைவியும் தாயும் நெருங்கிய உறவு. 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தில் கணவன்/மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர். 2011 திருத்தத்தில் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் சேர்ந்தார்கள். தாய்மாமா இந்தப் பட்டியலில் இல்லை. அவர் கொடுக்க வேண்டுமென்றால் அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். பணம் கைமாறவில்லை என்று நிரூபிக்க அவர் வருமானம், தொழில் எல்லாம் காட்ட வேண்டியிருக்கும். அதனால் அவரைக் கடைசியில் வையுங்கள்.

கோப்பு சிக்குவது பெரும்பாலும் பெயரில்தான். ஆதாரில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் இன்னொன்று, கல்யாணத்துக்குப் பின் மாறாத அப்பா பெயர்! இன்றைக்கே எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்குத் திருமணப் பதிவுச் சான்று, கல்யாணப் படங்கள், குழந்தைகளின் பிறப்புச் சான்று வேண்டும். மாமியாருக்கு மகனின் பிறப்புச் சான்று. அது இல்லாவிட்டால் பள்ளிச் சான்றிதழோடு எச்எல்ஏ அறிக்கையும் கைகொடுக்கும். நேர்காணல் வீடியோவில் பதிவாகும்.

மத்திய அரசு ஊழியராக இருந்தால் கொடுப்பவருக்கு 42 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு (2023 உத்தரவு).

வார்டுசிஸ்டர்:
நான் மாமியாரை முதலில் பார்க்கச் சொல்வேன். ஒரே மாத்திரையில் பிபி கட்டுக்குள் இருந்து, சிறுநீரில் புரதம் போகாமல், எக்கோவும் கண் பரிசோதனையும் சரியாக இருந்தால் பல மையங்கள் ஏற்கின்றன. 24 மணி நேர பிபி கருவி மாட்டிப் பார்ப்பார்கள். ஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் வேகம்) 90க்கு மேல் என்றால் நிம்மதி, 60க்குக் கீழ் என்றால் கிடையாது, நடுவில் வயதைப் பார்த்து முடிவு. கணவருக்கு 38 வயதுதான். மாற்றிய கிட்னி ஆயுள் முழுக்க வரும் என்று எண்ண முடியாது. இப்போது அம்மா கொடுத்தால், பின்னால் இரண்டாவது தேவைப்படும்போது நீங்கள் இருப்பீர்கள். அம்மாவுக்கு எழுபது வயதாகும்போது இந்த வரிசையைத் திருப்ப முடியாது.

இளம் டோனரிடம் சர்க்கரையைத்தான் கறாராகப் பார்க்க வேண்டும், முன்னால் நாற்பது ஆண்டு இருக்கிறதே. உங்களுக்குக் கர்ப்ப காலச் சர்க்கரையோ பிபியோ இருந்ததா என்று மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொரு குழந்தை திட்டம் இருந்தால் அதை முடித்துவிட்டுக் கொடுப்பது நல்லது. ஒற்றைக் கிட்னியில் கர்ப்ப கால ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு கூடுகிறது.

சிடி ஆஞ்சியோ ஸ்கேனில் கிட்னிக்குப் போகும் ரத்தக் குழாய்களை எண்ணுவார்கள். வழக்கமாக எடுப்பது இடது கிட்னி, அதன் சிரை நீளம் என்பதால். ஆனால் இரண்டில் ஒன்று மட்டமாக வேலை செய்தால் நல்லது டோனரிடமே இருக்கும். லேப்ராஸ்கோப்பியில் மூன்று நான்கு நாளில் வீடு, ஆறு வாரம் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஆயுசுக்கும் வேண்டாம். ஆண்டுக்கொரு முறை கிரியேட்டினின் (கிட்னி வேலையைக் காட்டும் ரத்தச் சோதனை), சிறுநீர்ப் புரதம், பிபி பார்க்க வேண்டும். கிரியேட்டினின் முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே நிற்கும், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. உங்களுக்கோ மாமியாருக்கோ மனசு ஒப்பவில்லை என்றால் டாக்டரிடம் தனியாகச் சொல்லலாம். "மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை" என்று மட்டும்தான் வீட்டுக்குச் சொல்வார்கள்.

நொய்யல்கரை:
நன்றி. தாய்மாமாவிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். மாமியாருக்கு 24 மணி நேரச் சிறுநீர் சேகரிக்கச் சொல்லியிருக்கிறார்கள், எப்படி?

வார்டுசிஸ்டர்:
காலை ஆறு மணிக்கு முதல் சிறுநீரைக் கொட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு விடாமல் கேனில், மறுநாள் காலை ஆறு மணியினதையும் சேர்த்து. மலம் கழிக்கும்போது போவதை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. முதலில் சிறுநீரைக் கேனில் பிடித்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள். நடுவில் எதுவும் தவறினால் லேபில் கொடுக்காமல், வேறு நாள் புதிதாகத் தொடங்குங்கள்.