தாத்தாவின் ஹெரால்டும் இடது முன்சக்கரமும்

கார்த்திக்: மாமா இருக்கிறீர்களா? தாத்தாவின் பழைய ஹெரால்டு காரை எடுத்துக்கொண்டு கோவளம் வரை வந்தேன், இடது முன்சக்கரத்தில் கருகிய வாசனை, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் விரலே வைக்க முடியவில்லை, வலது பக்கம் வெறும் வெதுவெதுப்புதான்.

சுதா அத்தை: அதை வெளியே எடுக்காதே என்று எத்தனை தடவை சொல்வது! தண்ணீர் ஊற்று முதலில்.

பழனி மாமா: ஊற்றாதேடா, டிரம் விரிசல் விட்டுவிடும். நாலு சொட்டு மட்டும் தெளி. டிரம் ஓரத்தில் சுர்ரென்று போனால் பிரேக் பிடித்திருக்கிறது, நடுவில் கிரீஸ் மூடியில் போனால் பேரிங்.

கார்த்திக்: நடுவில்தான். கிரீஸும் உருகி ஒழுகியிருக்கிறது.

செந்தில்: அப்போ பேரிங் லூஸ். நட்டை இறுக்கிவிடு.

பழனி மாமா: செந்தில், நீ கொஞ்சம் சும்மா இரு. மாப்ளே, ஜாக்கி போட்டு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்.

கார்த்திக்: கல் மாதிரி இருக்கிறது, துளி ஆட்டம் இல்லை. கையால் சுற்றினால் கரகரவென்கிறது.

பழனி மாமா: யார் கை வைத்தது?

கார்த்திக்: போன வாரம் ஒரு மெக்கானிக் கிரீஸ் மாற்றினார். ஸ்பானரில் பைப்பைச் சொருகி இறுக்கிவிட்டு ‘இனி பத்து வருஷம் ஆடாது சார்’ என்றார்.

பழனி மாமா: ஆடவே ஆடாது, எரியும். அது கூம்பு உருளைகள் வைத்த டேப்பர் பேரிங்டா, இறுக்கினால் உருளைகள் உருள இடமில்லாமல் அரைபட்டுச் சூடாகும், ஒரு காகிதக் கனத்துக்காவது ஆட்டம் வேண்டும். ஆறியதும் மூடியைக் கழற்றி, நட்டைப் பூட்டியிருக்கும் ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டை முழுசாகத் தளர்த்து. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே லேசாக இறுக்கி, அங்கிருந்து நட்டின் ஆறு பக்கத்தில் ஒரு பக்க அளவு பின்னால் திருப்பிப் புதுப் பின் போடு. டிக்கியில் பழைய பிலிம் ரோல் டப்பா இருக்கும், அதில்தான் தாத்தா ஸ்பிளிட் பின் வைத்திருப்பார்.

கார்த்திக்: இருக்கிறது மாமா!! எட்டு பின்.

பழனி மாமா: மெதுவாக ஓட்டி வா, ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை தொட்டுப் பார்.

(மறுநாள்)

கார்த்திக்: வீட்டுக்குப் பத்திரமாக வந்துவிட்டேன். காலையில் கழற்றினேன், வெளிப் பேரிங்கின் உருளைகள் நீலம் பாரித்திருக்கின்றன.

பழனி மாமா: நீலமென்றால் அதன் கதை முடிந்தது. உள், வெளி இரண்டையும் மாற்று, ஹப்புக்குள் இருக்கும் கப்பையும், அதாவது உருளைகள் ஓடும் வளையத்தையும் சேர்த்துத்தான். சரி, அந்த மெக்கானிக் கீழே டிரன்னியனுக்கும், அதுதான் சக்கரம் திரும்பும் அடி மூட்டு, அதற்கும் கிரீஸ் அடித்தாரா?

கார்த்திக்: ஆமாம், நிறைய. ஏன்?

பழனி மாமா: ஐயோ. அதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான்டா, கிரீஸ் ஆகவே ஆகாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், எதையும் தொடாதே.

சுதா அத்தை: சமையல் எத்தனை பேருக்கு?