புதுப்பிப்பு: காஸ் ஏறாத இஞ்சி பியர், காரணம் பிடிபட்டுட்டு

முதல் போஸ்ட்ல, வீட்டுல செஞ்ச இஞ்சி பியர்ல காஸே இல்ல, வெறும் இனிப்புத் தண்ணியாத்தான் கிடக்கு எண்டு கேட்டிருந்தன், நிறையப் பேர், சீனியத் திண்டு காஸ் விடுற ஈஸ்ட் செத்துட்டு, புதுசு வாங்குங்க எண்டீங்க. ஈஸ்ட் நல்லாத்தான் இருக்கு. இளஞ்சூட்டுத் தண்ணில சீனியோட போட்டா கொஞ்ச நேரத்துல நுரை தள்ளுது.

பிரச்சினை மூடில. அதே கலவைய பாதி பழைய கண்ணாடிப் போத்தல்லயும் பாதி சோடா வாற பிளாஸ்டிக் போத்தல்லயும் ஊத்தி ஒண்டா வச்சன், பிளாஸ்டிக் மறுநாளே கல்லு மாதிரி இறுகிட்டு, கண்ணாடியத் தண்ணிக்குள்ள அமத்திப் பிடிச்சா மூடிக்குள்ளால குமிழ் வருது. காஸ் அப்பிடி வெளிய போனா எவ்வளவு ஈஸ்ட் போட்டும் வேலையில்ல.

மூடிய மெழுகு வச்சு இறுக்குங்க எண்டு சொன்ன அக்கா, கோவிக்காதீங்க, அதச் செய்ய மாட்டன். மட்டக்களப்பு வெக்கைல, 30 பாகைக்கு மேல, ஈஸ்ட் நிப்பாட்டாம வேலை செய்யும், கண்ணாடி எண்டா வெடிக்கும். பிளாஸ்டிக்க அமத்திப் பார்த்து, இறுகினதும் பிரிட்ஜ்ல வைக்கணும், ஈஸ்டும் அடங்கும், குளிருக்கு காஸும் தண்ணில நல்லாக் கரையும். சூட்டோட திறந்தா பாதி சுவர்லதான்.

சீனியக் குறைச்சா காஸ் குறையுமா எண்டு கேட்ட தம்பிக்கு: காஸுக்கு மட்டுமெண்டா லீட்டருக்கு 6–8 கிராம் போதும், மிச்சமெல்லாம் வாய்க்கு.