இந்தியக் கால்பந்துச் சாம்பியன்கள்: கோப்பை வென்ற நாளில் நீங்கள் அங்கே இருந்தீர்களா?

கோவை, சிங்காநல்லூரிலிருந்து:

என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி வினாடி வினாவுக்காக, தேசிய லீக் தொடங்கிய 1996-97 முதல் இந்தியாவின் சாம்பியன் அணிகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தான். 2018-19க்கு நேராக 'சென்னை சிட்டி' என்று எழுதியவன் நிமிர்ந்து பார்த்து, "அப்பா, இந்த அணி இப்போது எங்கே ஆடுகிறது?" என்று கேட்டான். 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் (தேசிய லீக்குக்கு 2007-08 முதல் வந்த பெயர்) அந்த அணி இல்லை என்று சொன்னேன். "சாம்பியன் எப்படி அப்பா இல்லாமல் போகும்?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டிக்கு மினர்வா பஞ்சாப் அணியுடன் லீக்கின் கடைசி ஆட்டம். முந்தைய ஆண்டின் சாம்பியன் மினர்வா. நம் அணியோ அதே ஆண்டில் பத்து அணிகளில் எட்டாவதாகக் கிடந்தது. இந்த முறை நம்மிடம் 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலிடம் 39. அவர்களும் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் அணியோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். நாம் வென்றால் போதும், அங்கே என்ன நடந்தாலும் கோப்பை நமக்குத்தான்.

மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வாவின் பிலாலா கோல் அடித்துவிட்டார். கேலரி மொத்தமும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. எனக்கு அடுத்த இருக்கையில் இருந்த பெரியவர் இடைவேளை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இடைவேளைக்குப் பிறகு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவர் பெட்ரோ மான்சி. அந்த சீசனில் 21 கோல் அடித்த உருகுவே நாட்டுக்காரர். அவர் அடித்தால் உள்ளே போகும் என்று தெரிந்திருந்தும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் கேட்டுத்தான் திறந்தேன்.

பிறகு கௌரவ் போரா. தடுப்பாட்டக்காரர், அசாம் பையன். அவர் இரண்டாவது கோலை அடித்தபோது அந்தப் பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். ஆனால் கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் கடைசிப் பத்து நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு முன்னேறிவிட்டது. இங்கே நாம் ஒரு கோல் வாங்கினால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். பக்கத்தில் யாரோ செல்பேசியில் பார்த்து அதை உரக்கச் சொன்னார். 'சொல்லாமல் இருந்திருக்கலாமே' என்று மனம் வலித்தது. கூடுதல் நேரத்தில் அதே போரா மூன்றாவது கோலையும் அடித்தார். 3-1. நாம் 43, அவர்கள் 42.

எட்வின் வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் ஆகிய நம் பிள்ளைகள் அந்தப் புல்தரையில் ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், பந்தைத் தரையில் வைத்துப் பொறுமையாக ஆடச் சொல்லிக்கொடுத்தவர். ஐ-லீக் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது அந்த ஒரே முறைதான். அந்தப் பந்தயத்தை நம் ஊரில் வைத்துப் பார்த்தோம் என்பதை என் மகனுக்கு எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

வேறு ஆண்டுகளில், வேறு ஊர்களில், சாம்பியன் முடிவான நாளில் மைதானத்தில் இருந்தவர்கள் எழுதுங்கள்.

பீளமேட்டிலிருந்து, ஓய்வு பெற்ற மில் ஃபிட்டர்:

தம்பி, உங்கள் மகனின் நோட்டில் முதல் வரியில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஜே.சி.டி. பஞ்சாபில் பக்வாரா என்ற ஊரின் துணி மில் அணி. நூற்பு இயந்திரம் பூட்டும் வேலைக்காக 1997 தொடக்கத்தில் எங்கள் கம்பெனி என்னையும் இன்னும் இருவரையும் அந்தப் பக்கம் அனுப்பியது. குளிரில் கை விறைத்து ஸ்பேனர் பிடிக்க முடியாது. இந்தி அரைகுறை, பஞ்சாபி சுத்தமாக வராது. ஆனால் மில் தொழிலாளர்களோடு பேச ஒரு விஷயம் கிடைத்தது, கால்பந்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு லூதியானா குரு நானக் ஸ்டேடியத்துக்குப் போனேன். பாய்ச்சுங் பூட்டியாவுக்கு அப்போது இருபது வயது. அந்த முதல் லீக்கில் அதிக கோல் அடித்தவர் அவர்தான், 14 கோல். அதே அணியில் திருச்சூர்க்காரர் ஐ.எம். விஜயன். அவர் பந்தை வாங்கும்போதெல்லாம் நான் தமிழில் கத்துவேன், பக்கத்திலிருந்த சர்தார்ஜி என் முதுகில் தட்டிச் சிரிப்பார். அந்த ஊரில் நான் யாரோ என்ற நினைப்பு அந்த இரண்டு மணி நேரம் இல்லவே இல்லை.

நம் ஊர் மில்களும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்திய காலம் ஒன்று உண்டு. காலையில் தறி, மாலையில் மைதானம். ஜே.சி.டி. அந்த வழக்கத்தின் கடைசிப் பெரிய பெயர். 2011இல் அந்த அணியைக் கலைத்துவிட்டார்கள். செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மில் மூடினால் வேறு வேலைக்குப் போகிறோம், அணி மூடினால் அதை நேசித்தவர்கள் எங்கே போவார்கள்?

உங்கள் மகனிடம் சொல்லுங்கள், இல்லாமல் போன சாம்பியன் சென்னை சிட்டி மட்டும் கிடையாது. 2005-06இல் வென்ற மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2010இல் கலைந்தது. ஐந்து முறை, அந்த ஐந்தும் அர்மாண்டோ கொலாசோ என்ற ஒரே பயிற்சியாளரின் கீழ் வென்ற கோவாவின் டெம்போ 2016இல் ஐ-லீக்கை விட்டு விலகி, 2024-25இல்தான் திரும்பி வந்தது.

திருநெல்வேலியிலிருந்து, முன்னாள் விமானப்படை வீரர்:

ஐயா சொன்ன டெம்போவும் மற்ற இரண்டு கோவா அணிகளும் விலகியதில் ஒரு கதை இருக்கிறது. 2015-16இல் ஐசால் அணி கீழ் லீக்குக்குத் தள்ளப்பட்டிருந்தது. கோவா அணிகள் போனதால் காலியான இடத்தில் அதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அப்படி வந்த அணிதான் மறு ஆண்டே சாம்பியன். வடகிழக்கிலிருந்து லீக்கை வென்ற முதல் அணியும் அதுதான்.

நான் அப்போது ஷில்லாங்கில் பணியில் இருந்தேன். 2017 ஏப்ரல் 30. ஷில்லாங் லஜோங் அணியோடு ஐசாலுக்குக் கடைசி ஆட்டம், டிரா செய்தாலே கோப்பை. மூன்று ஆண்டுகளாக லஜோங்குக்குக் கைதட்டிப் பழகியவன் நான். ஆனால் அன்று காலை டீக்கடையில் நான்கு மிசோ இளைஞர்களைப் பார்த்தேன். ஐசாலிலிருந்து சில்சார் வழியாக இரவு முழுவதும் சுமோவில் வந்திருந்தார்கள். கண் சிவந்திருந்தது, முகத்தில் களைப்பே இல்லை. மிசோரமின் மொத்த மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பில் சுமார் 11 லட்சம். அதில் பாதிப் பேர் வந்துவிட்டார்களோ என்று தோன்றியது.

லஜோங்கின் டிபாண்டா டிக்கா முதல் கோலை அடித்தபோது என் கைகள் தட்டவில்லை. நானே வியந்தேன். இரண்டாம் பாதியில் லால்நுன்ஃபெலா சமன் செய்தார். மோகன் பகான் கொல்கத்தாவில் வென்றும் 36 புள்ளிகளில் நின்றுவிட்டது, ஐசாலுக்கு 37. பயிற்சியாளர் காலித் ஜமீலை ஆட்டக்காரர்கள் தூக்கிப் பிடித்ததைக் கூட்டத்தின் இடுக்கில்தான் பார்த்தேன். காலையில் டீ குடித்தவர்களில் ஒருவன் என்னைத் தேடி வந்து கட்டிப்பிடித்தான். என் பெயர்கூட அவனுக்குத் தெரியாது.

பெங்களூர், அல்சூரிலிருந்து:

எனக்குச் சொல்லக் கிடைத்தது தோல்விதான். 2015 மே 31, கண்டீரவா ஸ்டேடியம், ஐ-லீக்கின் கடைசி ஆட்டம், எங்கள் பெங்களூரு எஃப்.சி.க்கு எதிரே மோகன் பகான்; டிரா செய்தாலே கோப்பை அவர்களுக்கு. நாங்கள் வென்றால் தொடர்ந்து இரண்டாவது கோப்பை. ஜான் ஜான்சன் கோல் அடித்து 1-0. 87ஆவது நிமிடம் வரை நாங்கள்தான் சாம்பியன். கார்னரில் அவர்களின் பெல்லோ ரசாக் தலையால் முட்டினார், 1-1, முடிந்தது. மோகன் பகானுக்கு 13 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் கோப்பை. எங்களுக்கு எதிரே ஒரு வங்காளி முதியவர் தரையில் உட்கார்ந்து குழந்தை போல அழுதார். கோபப்பட நினைத்தேன், முடியவில்லை.

சென்னை, பெரம்பூரிலிருந்து:

அல்சூர் அண்ணா, அதே கண்டீரவாவில் நான் சிரித்த நாள் ஒன்று உண்டு. 2018 மார்ச் 17, ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக், ஐ-லீக்கிலிருந்து வேறான போட்டி) இறுதிப் போட்டி. பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் போனேன். சென்னையின் எஃப்.சி.க்கும் நீலம், பெங்களூருக்கும் நீலம். என் சட்டையைப் பார்த்துத் தங்கள் ஆள் என்று நினைத்து வரிசையில் இடம் விட்டார்கள். ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி கோல் அடித்ததும் என்னையும் சேர்த்து அணைத்துக்கொண்டார்கள். பிறகு மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னர்களில் இரண்டு முறை தலையால் முட்டி உள்ளே தள்ளினார். இரண்டாவதில் நான் எழுந்து குதித்தபோதுதான் யார் என்று அவர்களுக்குத் தெரிந்தது. ஒரு நொடி அமைதி. அப்புறம் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "உட்காருங்கள், இன்னும் நேரம் இருக்கிறது" என்றார். 3-2 என்று வென்றோம்.

சிங்காநல்லூர் சார், உங்கள் மகனின் நோட்டில் 2017-18க்கு இரண்டு பெயர் எழுத வேண்டும் என்பது என் வாதம். மார்ச் 8இல் பஞ்ச்குலாவில் சர்ச்சில் பிரதர்ஸை வென்று மினர்வா ஐ-லீக் சாம்பியன், ஒன்பது நாள் கழித்து நாங்கள் ஐ.எஸ்.எல். சாம்பியன். ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி அப்போது ஐ-லீக்குக்குத்தான் என்பது எனக்கும் தெரியும். அது 2019-20 முதல்தான் ஐ.எஸ்.எல். பக்கம் மாறியது. ஆனாலும் அந்த ஆண்டு எங்கள் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தைப் பட்டியலில் சேர்க்காமல் விட என் மனம் ஒப்பவில்லை.

சிங்காநல்லூர் மீண்டும்:

பெரம்பூர் தம்பி, மகனிடம் வாசித்துக் காட்டினேன். 2017-18 வரியில் இரண்டு பெயரும் எழுதிவிட்டான். இப்போது நோட்டின் வலப்பக்கத்தில் ஒரு கோடு போட்டு, அந்த ஆண்டில் மைதானத்தில் இருந்தவரின் ஊரை எழுதுகிறான். முதல் வரியில் 'பீளமேடு' என்று வந்திருக்கிறது, ஐயா.

இன்னும் நிறைய இடம் காலியாக இருக்கிறது. 1998-99, 2010-11 சால்கோகர், 2008-09, 2012-13 சர்ச்சில் பிரதர்ஸ். இந்த நான்குக்கும் கோவாவில் வேலை பார்த்த நம்மவர்கள் யாராவது இருப்பீர்கள். மும்பை கூப்பரேஜில் மஹிந்திரா ஆடியதைப் பார்த்தவர்களும் எழுதுங்கள், மாட்டுங்காவிலும் தாராவியிலும் கட்டாயம் இருப்பீர்கள். வினாடி வினா வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகு வந்தாலும் எழுதிக்கொள்வான்.