புதுப்பிப்பு: பூட்டிய கணக்கும் பரணில் கிடைத்த டிவிடியும்

காரணம் சொல்லாமல் கிளவுட் கணக்கைப் பூட்டிவிட்டார்கள், அப்பா படமெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது என்று போன வாரம் புலம்பியிருந்தேனே, கணக்கு இன்னும் திறக்கவில்லை. மூன்று முறை முறையிட்டும் அதே தானியங்கி பதில்தான்.

"ஹார்ட் டிஸ்க்ல வச்சிருக்கலாமே" என்றவர்களுக்கு: 2015 சென்னை வெள்ளத்தில் வேளச்சேரி வீட்டு ஆல்பங்கள் ஊறி ஒட்டிப்போன பிறகுதான் கிளவுடுக்கே போனேன்.

பரணில் கல்யாண வீடியோ டிவிடி நாலு கிடைத்தது. லேப்டாப்பில் டிவிடி டிரைவ் ஏது? எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போய் யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் வாங்கினேன். ("இன்னும் இதுக்கு ஆள் வராங்க சார்" என்று கடைக்காரர் சிரித்தார்.) மூன்று ஓடின, ஒன்று போச்சு. எழுதும் டிவிடியில் தரவு பதிவது ஒரு சாயப் படலத்தில். வெப்பமும் ஈரமும் அதைக் கெடுத்துவிடும். நம்ம ஊர் பரணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கம்பெனிக்காரனே பேக்கப் வைப்பானே என்று ஒருவர் கேட்டிருந்தார். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற கிளவுட் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தபோது, வேறெங்கும் நகல் வைக்காத பலர் தரவை மொத்தமாக இழந்தார்கள்.

இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று என்னிடம், இன்னொன்று தாம்பரத்தில் அக்கா வீட்டு மூன்றாம் மாடியில். அக்காவின் வாட்ஸ்அப்பிலிருந்து அப்பா படம் நாற்பது தேறியது, எல்லாம் தரம் குறைந்து, மங்கலாக.