இரண்டு மாசத்துக்கு 760 யூனிட்: மொட்டைமாடியில் சோலார் போடலாமா, வேண்டாமா?

கடலூர் மாடிவீடு:
எல்லோருக்கும் வணக்கம். கடலூரில், கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஜூன், ஜூலைக்கு 760 யூனிட் ஓடி பில் 4,500 கிட்ட வந்தது. மழைக்காலத்தில் 520 யூனிட், 2,250 சொச்சம். போன வாரம் ஒரு சோலார் கம்பெனிக்காரர் வந்தார். 3 கிலோவாட் போடுங்கள், இரண்டு லட்சத்தில் 78,000 மானியம் வந்துவிடும், இனி பில்லே வராது, மாசம் 300 யூனிட் இலவசம், போட்ட பணம் நான்கு வருஷத்தில் திரும்பிவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. எனக்குத்தான் பயம். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயலில் எங்கள் தெருவில் ஒரு ஷீட் கூரை கூட மிஞ்சவில்லை. அதே மாடியில் கண்ணாடித் தகடு நிற்குமா? மேற்கே பக்கத்து வீட்டுத் தென்னை வேறு இருக்கிறது. போட்டவர்கள், போடாதவர்கள் இருவருமே சொல்லுங்கள்.

மதுரை சூரியவீடு:
போடுங்க சார், யோசிக்காதீங்க. நான் 2024 ஆகஸ்டில் 3 கிலோவாட் போட்டேன். இரண்டு ஏசி ஓடுகிற வீடு. கோடையில் 1,000 யூனிட் தொட்டால் பில் ஏழாயிரம் வரும். இப்போது அதே வீட்டுக்கு 600, 700 ரூபாய்தான். மாசி, பங்குனியில் ஒரு நாளைக்கு 14 யூனிட் வரை கொடுத்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஏழெட்டு யூனிட்டாக இறங்கும், அது எதிர்பார்த்ததுதான். மானியம் என் கணக்கில் வந்து சேர்ந்தது. முதலில் முழுப் பணத்தையும் நாம் கட்டியாக வேண்டும், வருகிற கரண்டையும் நாம் வெளியே அனுப்புகிற கரண்டையும் எண்ணுகிற புது மீட்டர் மாட்டி சோதனை முடிந்த பிறகுதான் மானியம் வரும். அதற்குப் பணம் புரட்டி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

வட்டிக்கணக்கு:
மதுரைக்காரர் வீட்டுக் கணக்கு வேறு, கடலூர் வீட்டுக் கணக்கு வேறு. 1,000 யூனிட் ஓடுகிற வீட்டில் சோலார் தின்பது, ஓட ஓட ஏறுகிற விலையில் யூனிட் 9, 10 ரூபாய் என்கிற மேல் அடுக்கை. அதனால் லாபம் கண்ணில் தெரிகிறது. 300, 400 யூனிட் ஓடுகிற வீட்டில் முதல் 100 யூனிட்டை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. அடுத்த 100 யூனிட்டும் சலுகை விலைதான். 400 யூனிட்டுக்கு மொத்தமே 1,200 ரூபாய் கிட்ட. அதை மிச்சம் பிடிக்க லட்ச ரூபாய் போடுவது கணக்கில் சேராது.

கடலூர் நண்பர் நடுவில் நிற்கிறார். அவருக்கு என் யோசனை: முதலில் மின்விசிறியை மாற்றுங்கள். பழைய விசிறி 75 வாட், குறைந்த கரண்டில் ஓடுகிற பி.எல்.டி.சி. மோட்டார் விசிறி 30 வாட். நான்கு விசிறி, நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 130 யூனிட் குறையும். செலவு 12,000 ரூபாய். உங்கள் 520 யூனிட் 390 ஆகிவிடும். 500-ஐத் தாண்டினால் 101-லிருந்து 200 வரைக்கான சலுகை விலை போய்விடும், தெரியுமா? 520-க்கும் 500-க்கும் இடையில் அந்த 20 யூனிட்டுக்காக நானூறு ரூபாய்க்கு மேல் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். விசிறிக்குப் போட்ட காசு இரண்டு வருஷத்துக்குள் திரும்பிவிடும். எந்த சோலாரும் இதற்கு ஈடாகாது.

மதுரை சூரியவீடு:
விசிறி மாற்றுவது நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் வளர்கிறார்கள். நாளைக்கு இன்னொரு ஏசி வரும், மின்சார ஸ்கூட்டர் வரும். வீட்டுக் கரண்ட் விலை 2022, 2024 என்று இரண்டு தடவை ஏறியிருக்கிறது. இன்றைய விலையை வைத்துக் கணக்குப் போட்டால் சோலார் எப்போதும் தோற்கத்தான் செய்யும். இருபத்தைந்து வருஷத்துக்கான பொருள் இது.

வட்டிக்கணக்கு:
25 வருஷம் தகட்டுக்கு, சார். அதுவும் 80 சதவீத உற்பத்தி இருக்கும் என்கிற உறுதிமொழிதான். தகட்டுக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டர் பெட்டியைப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு முறையாவது மாற்ற வேண்டி வரும். கடல் காற்றில் இன்னும் முன்னாடியே வரலாம். அந்தச் செலவை யாருமே கணக்கில் எழுதிக் காட்டுவதில்லை.

கோவை வயர்மேன்:
இருபது வருஷமாக வயரிங் வேலை, சோலாரும் ஏழு வருஷமாகச் செய்கிறேன். இரண்டு பேர் சொல்வதிலும் விடுபட்டதைச் சொல்கிறேன்.

ஒரு கிலோவாட்டுக்கு வருஷச் சராசரி நாளைக்கு 4 யூனிட். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். உங்கள் மழைக்கால வீட்டுக்கு அது அதிகம். செலவழித்தது போக மிச்சமாகிற யூனிட் ஈ.பி. லைனுக்குப் போய் அடுத்த பில்லில் கழியும், ஆனால் வருஷக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது நாம் கட்டுகிற விலை அதற்குக் கிடைக்காது. கரண்ட் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களுக்கு 2 கிலோவாட் போதும். மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்கும் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000. இரண்டோடு நிறுத்தினால் 60,000. அதற்கு மேல் போகிற கிலோவாட்டுக்கு மானியமும் குறைகிறது, உங்கள் வீட்டில் அது மிச்சம் பிடிக்கிற காசும் குறைகிறது.

300 யூனிட் இலவசம் என்பதும் அப்படித்தான். அரசு ஊற்றிக் கொடுக்கிற கரண்ட் இல்லை அது. உங்கள் தகட்டில் விளைவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். ஈ.பி. கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் விசிறி சுற்றாது. கோளாறு என்று நினைக்காதீர்கள், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். லைன் செத்துவிட்டது என்று நினைத்து லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். உங்கள் மாடியிலிருந்து கரண்ட் அந்த லைனில் பாய்ந்தால் அவர் உயிர் போய்விடும். கரண்ட் இல்லாதபோதும் வேண்டும் என்றால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் போட வேண்டும். விலை எங்கேயோ போகும், பேட்டரிக்கு மானியமும் கிடையாது.

மதுரை சூரியவீடு:
வயர்மேன் அண்ணன் சொல்வது உண்மை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. போட்ட மூன்றாம் நாள் கரண்ட் போனதும் கம்பெனிக்குப் போன் பண்ணிச் சண்டை போட்டேன். இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான். அதற்காகப் போட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன்.

நெல்லை அக்கா:
நான் போட்டுவிட்டுப் பட்டவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் மாடி சுர்க்கி, அதாவது செங்கல்தூள் சுண்ணாம்புக் கலவை போட்டு, மேலே தட்டோடு பதித்த பழைய தளம். வந்த பையன்கள் ஒரே நாளில் வேலையை முடித்துவிட்டார்கள். தளத்தில் துளை போட்டு போல்ட் அடித்துத்தான் கால்களை நிறுத்தியிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்த ஐப்பசி மழையில் படுக்கையறை மேல்தளத்தில் ஈரம் பூத்தது. கார்த்திகையில் சொட்டவே ஆரம்பித்துவிட்டது. கம்பெனியைக் கூப்பிட்டால், எங்கள் உத்தரவாதம் தகட்டுக்கும் ஸ்டாண்டுக்கும்தான், தளத்துக்கு இல்லை என்றார்கள். தகட்டையெல்லாம் கழற்றி, தட்டோட்டைப் பெயர்த்து, பூசித் திரும்ப மாட்ட 18,000 ரூபாய் ஆயிற்று. பில்லில் ஒரு வருஷம் மிச்சம் பிடித்தது அத்தனையும் அதிலேயே போனது.

அடுத்தது சின்ன விஷயமாகத் தோன்றும், எனக்கு அது பெரிசு. வருஷா வருஷம் மாசியில் மாடியில் கூழ்வற்றல், மோர்மிளகாய், வடகம் எல்லாம் போட்டுப் பெட்டி பெட்டியாகப் பிள்ளைகளுக்கு அனுப்புவேன். இப்போது வெயில் விழுகிற இடமெல்லாம் தகடு நிற்கிறது. துணி காயப் போட ஓரத்தில் ஒரு கொடிதான். 2 கிலோவாட்டுக்கே இருநூறு சதுர அடி வேண்டும். எங்கே நிற்கப் போகிறது என்று அளந்து, கயிறு கட்டிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தை வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் தம்பி.

வட்டிக்கணக்கு:
அக்கா சொன்ன 18,000-ஐ எந்தக் கம்பெனிக் கணக்கிலாவது பார்க்க முடியுமா? இதனால்தான் நான் நான்கு வருஷத்தில் பணம் திரும்பிவிடும் என்பதை நம்புவதில்லை. 2 கிலோவாட் 1,40,000 என்று வையுங்கள். மானியம் போக 80,000. வங்கியில் போட்டால் வருஷத்துக்கு ஐந்தாயிரத்துக்கு மேல் வட்டி. விசிறியை மாற்றிய பிறகு உங்கள் வீட்டில் சோலார் மிச்சம் பிடிப்பது வருஷத்துக்கு 12,000, 13,000 இருக்கும். வட்டியைக் கழித்தால் பதினோரு வருஷம். அதற்குள் இன்வெர்ட்டர் செலவு வந்து நிற்கும்.

மதுரை சூரியவீடு:
வட்டியைக் கழிக்கிறீர்களே, வருஷா வருஷம் மிச்சமாகிற 12,000-ஐயும் வங்கியில் போட்டால் அதற்கும் வட்டி வருமே, அதை ஏன் கூட்டவில்லை? ஒரு பக்கம் மட்டும் வட்டி போட்டால் எந்தக் கணக்கும் தோற்கும். வட்டி போடாமல் பார்த்தால் ஆறரை வருஷம். விலை ஏறினால் அதற்கும் முன்னாடியே.

வட்டிக்கணக்கு:
சரி, அது நியாயமான கேள்வி. அதையும் கூட்டினால் எட்டு வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம். பதினொன்று என்று எழுதியது தப்பு. ஆனாலும் கம்பெனிக்காரர்கள் சொல்கிற நான்கு இல்லை. இன்வெர்ட்டரையும் சேர்த்துப் பார்த்தால் அவசரப்படக் காரணமே இல்லை என்பதில் மாற மாட்டேன்.

கோவை வயர்மேன்:
நிழலைப் பற்றி யாரும் பேசவில்லை. அதுதான் இந்த வீட்டில் முதல் கேள்வி. தகடுகளை வரிசையாகக் கோத்துத்தான் இணைப்போம். ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் அந்தத் தகடு மட்டும் சோர்ந்து போவதோடு நிற்காது, வரிசை முழுக்கக் குறையலாம். தென்னை மட்டை ஒன்று ஆடி ஆடி விழுகிற நிழலே போதும். நிழல் விழுந்த பகுதியைத் தவிர்த்துக் கரண்டைச் சுற்றிவிடுகிற பைபாஸ் டயோடு தகட்டில் இருக்கிறது, ஓரளவு காப்பாற்றும், முழுசாக இல்லை.

இன்றைக்கு மாடியில் ஏறிப் பார்த்தால் மட்டும் போதாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அப்போது தெற்குப் பக்கம் இருக்கிற தண்ணீர்த் தொட்டியோ பக்கத்துச் சுவரோ உச்சிவேளையிலேயே தன் உயரத்தில் முக்கால் பங்கு நீளத்துக்கு நிழல் போடும். காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் இன்னும் நீளம். மே, ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், நிழல் தெற்கே திரும்பும். நம் ஊருக்குத் தகட்டைத் தெற்கு பார்த்து 10, 12 டிகிரி சாய்த்தால் சரி.

புயலுக்கு: ஏழெட்டு அடி உயரத்தில் பந்தல் மாதிரிக் கட்டினால் கீழே நடக்கலாம், துணி போடலாம். ஆனால் காற்று அடியில் புகுந்து தூக்கும். கடலூரில் நான் தாழ்வாகத்தான் கட்டுவேன். ஸ்டாண்டு ஹாட் டிப் கால்வனைஸ், அதாவது துரு பிடிக்காமல் இருக்க உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததா என்று கேளுங்கள். வெறும் இரும்பில் சில்வர் பெயின்ட் அடித்துக் கொடுத்தால் உங்கள் உப்புக் காற்றில் மூன்று வருஷம் தாங்காது. அக்கா வீட்டு மாதிரி துளை வேண்டாம் என்றால் தளத்தின் மேல் கான்கிரீட் கட்டை வார்த்து அதில் காலை நிறுத்தலாம். எத்தனை கட்டை, எவ்வளவு எடை என்பதை உங்கள் ஊர்க் காற்று வேகத்துக்குக் கணக்குப் போட்டு இன்ஜினியர் கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள். தளம் அந்த எடையைத் தாங்குமா என்பதையும் அவரே பார்க்கட்டும்.

எர்த்திங் மூன்று தனித்தனியாக வேண்டும்: தகட்டிலிருந்து வருகிற டி.சி. கரண்டுக்கு ஒன்று, வீட்டுக்குப் போகிற ஏ.சி. கரண்டுக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. செலவைக் குறைக்க இரண்டை ஒன்றாக்குவார்கள். விடாதீர்கள்.

கழுவுவதற்கு போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் ஊற்றாதீர்கள், வெள்ளையாகப் படிந்துவிடும், சுரண்டினால் கண்ணாடி கீறும். அதிகாலையில் நல்ல தண்ணீர் ஊற்றித் துணியால் துடைத்தால் போதும். வெயிலில் சூடாக இருக்கும்போது ஊற்றவே கூடாது.

கடலூர் மாடிவீடு:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி, பன்னிரண்டு, மூன்று என்று மாடியில் ஏறிச் சாக்பீஸால் நிழலைக் கோடு போட்டேன். தென்னை நிழல் இரண்டே முக்காலுக்கு மேற்கு ஓரத்தில் ஏறுகிறது. கிழக்குப் பாதி சுத்தமாக இருக்கிறது, ஆனால் அங்கேதான் அம்மா நெல்லை அக்கா மாதிரியே வடகம் போடுகிறார்கள். அளந்து பார்த்தால் நான்கு தகடு வைத்தும் அம்மாவுக்குத் தென்கிழக்கு மூலையில் ஒரு கட்டில் அளவு வெயில் மிஞ்சும். அம்மா சரி என்று சொல்லிவிட்டார்கள்.

விசிறியை இந்த மாதமே மாற்றிவிடுகிறேன், வட்டிக்கணக்கு சார் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. இரண்டு பில் பார்த்துவிட்டு, மார்கழி நிழலையும் கோடு போட்டுவிட்டு, தை மாதம் 2 கிலோவாட்டுக்கு முடிவெடுக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அதற்குள் ஒரு வேலை இருக்கிறது. மீட்டர் இன்னும் இறந்துபோன தாத்தா பேரில் இருக்கிறது.

கோவை வயர்மேன்:
அதை இன்றைக்கே ஆரம்பியுங்கள். ஈ.பி. இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் மானிய விண்ணப்பம் போகும். வாரிசுச் சான்றிதழோடு பேர் மாற்றம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், மானியம் வேண்டும் என்றால் தகடு டி.சி.ஆர்., அதாவது இந்தியாவிலேயே செய்த செல்லில் ஆனதாக இருக்க வேண்டும். விலைப்பட்டியலில் அந்த வார்த்தை இருக்கிறதா பாருங்கள்.

மதுரை சூரியவீடு:
தை வரைக்கும் தள்ளினால் மாசி, பங்குனி விளைச்சலைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் மாற்ற எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று.

வட்டிக்கணக்கு:
விசிறி மாற்றிய பிறகு வருகிற முதல் பில்லை இங்கே போடுங்கள். 760-ல் 130 போக 630 யூனிட்டுக்குக் கீழே வந்திருந்தால் நான் மறுபடி கணக்குப் போட்டுத் தருகிறேன்.

கடலூர் மாடிவீடு:
கட்டாயம் போடுகிறேன் சார். நெல்லை அக்கா, ஒரே ஒரு உதவி. கம்பெனிக்காரரிடம் தளத்தைப் பற்றி என்ன எழுதி வாங்க வேண்டும்? நீங்கள் இப்போது மறுபடி போடுவதாக இருந்தால் எப்படி எழுதுவீர்கள்?

நெல்லை அக்கா:
இப்படி எழுதி, அவர்கள் முத்திரை போட்ட தாளில் கையெழுத்து வாங்குங்கள் தம்பி: "தளத்தில் எங்கும் துளை போட மாட்டோம். வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு மழைக்காலத்துக்குள் தகடு நிற்கிற இடத்தில் கசிவு வந்தால், தகட்டைக் கழற்றி, தளத்தைச் சரிசெய்து, திரும்ப மாட்டுகிற முழுச் செலவும் எங்களுடையது." வேலை ஆரம்பிக்கும் முன்னால் தளத்தையும், கீழே அறையின் மேல்தளத்தையும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தவணை பத்தாயிரமாவது முதல் மழை பெய்து முடிந்த பிறகு கொடுப்பதாகப் பேசுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவர்களை விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.