பிரிட்டிஷ் காமெடி ஆடியோபுக் காதுக்குப் பிடிபட மாட்டேங்குது, எதுல இருந்து ஆரம்பிக்கலாம்?

இலைவண்டி, கோத்தகிரி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் கோத்தகிரி பக்கம் பச்சை தேயிலை எடுக்குற வண்டி ஓட்டுறேன். காலையில ஊர் ஊரா போயி மூட்டைய எடை போட்டு ஏத்திக்கிட்டு சாயந்தரம் ஃபேக்டரியில இறக்கணும், அங்க வரிசையில நிக்கிறதே சில நாள் ரெண்டு மணி நேரம் ஆயிரும், சீசன்ல கேக்கவே வேண்டாம். முன்னாடி எஃப்எம் கேப்பேன், இப்ப ஒரு வருஷமா ஆடியோபுக்தான், தமிழ்ல கிடைச்சதெல்லாம் ஏறக்குறைய கேட்டு முடிச்சாச்சு.

பழைய இங்கிலாந்து காமெடி எழுத்துன்னா எனக்கு சின்ன வயசுல இருந்தே ஆசை. புக்கா கையில வெச்சு நிதானமா படிச்சா புரியும், சிரிப்பும் வரும். ஆனா காதுல கேட்டா பாதி நழுவிப் போயிருது. போன மாசம் டிக்கன்ஸோட பிக்விக் பேப்பர்ஸ இலவசமா கிடைக்கிற லிப்ரிவாக்ஸ்ல இறக்கி ஆரம்பிச்சேன், முதல் அத்தியாயமே ஏதோ சங்கத்துக் கூட்டத்தோட மினிட்ஸ் வாசிக்கிற மாதிரி போச்சு, சரி பரவால்லன்னு தள்ளிட்டுப் போனேன். அப்புறம் சாம் வெல்லர்னு ஒருத்தன் வர்றான், அவன் பேச்சுதான் அந்த புக்குக்கே உயிருன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அவன் சொல்ற வார்த்தை ஒண்ணுகூட டிக்‌ஷனரியில இல்லாத மாதிரி கேக்குது. நாலு தடவை பின்னாடி தள்ளிக் கேட்டுட்டேன், முடியல. போதாததுக்கு அத்தியாயத்துக்கு ஒரு குரல் மாறுது.

எந்த புக், யார் குரல்ல கேட்டா காது பழகும்? வேகத்தக் குறைச்சுக் கேக்கலாமா? சுருக்குன பதிப்பு பரவால்லையா? கேட்டவங்க சொல்லுங்க.

பழைய டீச்சர், ஊட்டி:

தம்பி, முதல்ல பிக்விக்க மூடி வைப்பா. அது நல்ல புக்குதான், முதல் புக்கு இல்ல. ஜெரோம் கே. ஜெரோம் எழுதின 'த்ரீ மென் இன் எ போட்' எடு. 1889ல வந்தது, மூணு பேரும் மான்ட்மொரன்சின்னு ஒரு நாயும் தேம்ஸ் ஆத்துல கிங்ஸ்டன்ல இருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு படகுல போறாங்க, அவ்வளவுதான் கதை. இத ஏன் சொல்றேன்னா, எழுதின நடையே ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரிதான் இருக்கும். வாக்கியம் சின்னது, ஒரே ஆள் பேசுறாரு, யார் சொன்னாங்கன்னு தேட வேண்டியதில்ல.

அந்த மூணு பேர்ல ஒருத்தரான ஹாரிஸ் ஹாம்ப்டன் கோர்ட் மேஸ்ல மாட்டுற பகுதிய மட்டும் முதல்ல கேளு. உயரமான செடி வேலியில சுத்துவழி போட்டு வெச்சிருப்பாங்க, உள்ள போனா வெளிய வர்ற வழி கண்டுபிடிக்கணும். ஹாரிஸ் தன்னோட சொந்தக்காரர் ஒருத்தரக் கூட்டிட்டுப் போறாரு. சும்மா பத்து நிமிஷம் சுத்திட்டு சாப்பிடப் போலாம், வலது பக்கமே திரும்பிக்கிட்டே இருந்தா போதும்னு சொல்றாரு. ஏற்கனவே உள்ள மாட்டுனவங்க எல்லாம் இவர நம்பி பின்னாடியே வர்றாங்க, கைக்குழந்தையோட ஒரு அம்மா அவர் கையவே பிடிச்சுக்குது. அப்ப கீழ கிடக்குற பன் துண்ட பார்த்துட்டு அந்த சொந்தக்காரர், இத ஏழு நிமிஷம் முன்னாடியே பார்த்தேன்ங்கிறாரு. ஹாரிஸ் ஒத்துக்கவே மாட்டாரு! அந்த இடத்துல ஹாரிஸோட குரல் எப்படி கொஞ்சம் கொஞ்சமா இறங்குதுன்னு கேளு, கடைசியில வழிகாட்ட உள்ள வர்ற வாட்ச்மேன் வேலைக்குப் புதுசு, அவனும் தொலைஞ்சு போறான், சாப்பிடப் போன பழைய வாட்ச்மேன் திரும்பி வந்தாத்தான் எல்லாரும் வெளிய வர்றாங்க. நான் நாற்பது வருஷத்துக்கு முன்னாடி படிச்சப்ப சிரிச்சேன். மார்ட்டின் ஜார்விஸ் வாசிச்சதக் கேட்டப்ப கண்ணுல தண்ணி வந்துருச்சு.

ஒண்ணு தெரிஞ்சுக்கோ, ஜெரோம் இத முதல்ல தேம்ஸ் பத்தின ஒரு வழிகாட்டி புக்காத்தான் எழுத நினைச்சாரு, அதனால நடுநடுவுல பழைய ராஜா கதை, ஆத்து வர்ணனை எல்லாம் நீளமா வரும், ஒரு இடத்துல மனசு கனக்குற ஒரு சாவும் வரும். அங்க காது தவறினா கவலப்படாத, விட்டுட்டுப் போ. வேகம் 0.9 வெச்சுக்கோ, பத்து நாள்ல தானா 1க்கு வந்துருவ.

குன்னூர் மேட்டுத்தெரு:

டீச்சர் சொன்னது சரி, ஆனா வேகத்தக் குறைக்கிறத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேங்க. காமெடியில எங்க நிறுத்துறாங்கங்கிறதுதான் எல்லாமே. 0.9ல போட்டா அந்த நிறுத்தம் இழுபட்டுப் போயி சிரிப்பு செத்துரும். புரியலன்னா பின்னாடி தள்ளி மறுபடி கேளுங்க, வேகத்துல கை வைக்காதீங்க.

என் ஓட்டு பி.ஜி. வுட்ஹவுஸ்ங்கிற இங்கிலீஷ் காமெடி எழுத்தாளருக்கு. அதுலயும் ஜோனதன் சீசில் குரல்ல. அவர் 2011ல தவறிட்டாரு, ஆனா ஜீவ்ஸ் கதைங்க நிறைய வாசிச்சு வெச்சுட்டுப் போயிருக்காரு. 'ரைட் ஹோ, ஜீவ்ஸ்' 1934ல வந்த புக்கு, அதுல ஸ்கூல் பரிசளிப்பு விழா ஒண்ணு வரும். பேச வர்ற கஸ்ஸி பயங்கர கூச்ச சுபாவம், நியூட்டுன்னு பல்லி மாதிரி ஒரு தண்ணி ஜீவன வளர்க்கறதத் தவிர வேற எதுவும் தெரியாது, ஆரஞ்சு ஜூஸ் தாண்டி எதையும் தொட்டதில்ல. அன்னைக்கு அவர் வயித்துக்குள்ள விஸ்கியும் போகுது, ஜின் கலந்த ஜூஸும் போகுது. பைபிள் பாடத்துல பரிசு வாங்க வர்ற பையன நிக்க வெச்சு, நீ காப்பி அடிச்சியான்னு எல்லார் முன்னாடியும் கேக்க ஆரம்பிச்சிருவாரு. புக்குல இது பக்கம் பக்கமா போகும், காதுல கேட்டாத்தான் அந்த ஹால்ல உக்காந்திருக்க மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு சொல்லணும். நம்ம மலையில எல்லாரும் ஜீவ்ஸ பட்லர்னே சொல்றாங்க, அது தப்புங்க. ஜீவ்ஸ் வேலட், அதாவது ஒரே ஒரு ஆளோட துணிமணி, சாப்பாடு, பயணம் எல்லாம் பாத்துக்குற சொந்த ஆள். பட்லர்னா ஒரு பெரிய வீட்டோட வேலைக்காரங்களுக்கே தலைவர், வுட்ஹவுஸ்லயே பிளாண்டிங்ஸ் அரண்மனையில பீச்னு ஒரு பட்லர் இருக்காரு. எனக்கு இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்னா, எங்க தாத்தா குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவுல பட்லரா இருந்தவரு, தொரை ஊருக்குக் கிளம்புற வரைக்கும். வுட்ஹவுஸ் ஜீவ்ஸோட இருமல தூரத்து மலைச்சரிவுல ஒரு ஆடு தொண்டையச் செருமுற மாதிரின்னு எழுதுவாரு. அத சீசில் வாசிச்சப்ப நான் போன நிறுத்திட்டேன். தாத்தா ஒரு ரூமுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கதவு நிலையில நின்னு அதே மாதிரி சின்னதா ஒரு செருமல் குடுப்பாரு. வேலைய விட்டு வந்து இருவது வருஷம் ஆன பிறகும், எங்க வீட்டு சமையக்கட்டுக்குள்ள காப்பி கேக்க வர்றப்பகூட அந்த செருமல். பாட்டி திட்டும், உன் வீட்டுக்குள்ள வர்றதுக்கு யாருகிட்ட உத்தரவு கேக்குறன்னு. அந்த சத்தத்த நான் மறந்தே போயிருந்தேன், ஒரு இங்கிலீஷ் புக்க காதுல கேக்குறப்ப திரும்பக் கிடைச்சுது. இதுக்காகவே யாருக்கு வேணா வுட்ஹவுஸ சொல்வேன்.

பூம்பாறை பூண்டு:

எல்லாரும் படகுல போற ஆம்பளைங்க, கிளப்புல உக்காந்திருக்க ஆம்பளைங்கன்னே சொல்றீங்களே. ஜேன் ஆஸ்டன யாரும் சொல்லலையே!

நான் கொடைக்கானலுக்கு மேல பூம்பாறை. எங்க வீட்டுல மலைப்பூண்டுதான், காயவெச்சு தாளோட கட்டுக் கட்டா கட்டுற வேலை மாசக்கணக்குல இருக்கும், கை அதுபாட்டுக்கு ஓடும், காது சும்மாதான் இருக்கும். அப்படி ஆரம்பிச்சதுதான். ஜூலியட் ஸ்டீவன்சன் வாசிச்ச 'எம்மா'வ முழுசா கேட்டேன், 16 மணி நேரத்துக்கு மேல வரும். அதுல மிஸ் பேட்ஸ்னு ஒரு அம்மா, கல்யாணம் ஆகாதவங்க, வசதி இல்லாதவங்க, மூச்சு விடாம பேசுவாங்க. ஒரு ஆப்பிள்ல ஆரம்பிச்சு லெட்டருக்குப் போயி கண்ணாடிக்குப் போயி மறுபடி ஆப்பிளுக்கு வருவாங்க. புக்குல படிச்சப்ப அந்த பக்கத்த எல்லாம் தாண்டிப் போயிருந்தேன். குரல்ல கேட்டா எங்க சின்ன பாட்டி பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரியே இருக்கு, ஒரு வார்த்தை விடத் தோணல. அப்புறம் பாக்ஸ் ஹில்லுக்கு எல்லாரும் பிக்னிக் போறப்ப, எம்மா அந்த அம்மாவ பார்த்து நக்கலா ஒண்ணு சொல்லிருவா, சப்பையான பேச்சு ஒரு நேரத்துக்கு மூணு மட்டும்தான் பேசலாம்ங்கிற மாதிரி. அத்தன பேரு முன்னாடி. அந்த அம்மாவுக்கு உடனே புரியல, கொஞ்சம் கழிச்சுத்தான் உறைக்குது. கையில இருந்த பூண்டுக் கட்ட அப்படியே கீழ வெச்சுட்டேன். அத்தன மணி நேரம் அந்த அம்மாவோட பேச்ச கேட்டுப் பழகினதாலதான் அவ்வளவு வலிச்சுது. சுருக்குன பதிப்புல முதல்ல வெட்டுறது மிஸ் பேட்ஸோட பேச்சத்தான், அப்புறம் அந்த பிக்னிக்குக்கு என்ன அர்த்தம் இருக்கு? அதனால இலைவண்டி அண்ணே, சுருக்குனது வேண்டவே வேண்டாம்.

வெலிங்டன் பஜார்:

டிக்கன்ஸ அம்போன்னு விட்டுட்டீங்களே எல்லாரும். இலைவண்டி, உங்க காதுல ஒரு குறையும் இல்ல. சாம் வெல்லர் லண்டன் சாதாரண ஜனங்க பேச்சு பேசுறவன், டபிள்யூ வர வேண்டிய இடத்துல வி போடுவான், வி வர வேண்டிய இடத்துல டபிள்யூ போடுவான். தமிழ்ல நமக்கு ரெண்டுக்கும் ஒரே வ தான். அதனால இங்கிலீஷ்காரங்களுக்கு பளிச்சுன்னு தெரியற தமாஷ் நம்ம காதுல விழாமயே போயிரும், வார்த்தை ஏதோ மாறிருச்சுன்னு மட்டும் தெரியும், எதுன்னு தெரியாது. இத ஒருத்தர் சொல்லிக் குடுத்துட்டா அடுத்த அரைமணி நேரத்துல பிடிபட்டுரும். கோர்ட் சீன்ல ஜட்ஜு சாம்கிட்ட உன் பேர வி போட்டு எழுதுவியா டபிள்யூ போட்டு எழுதுவியான்னு கேப்பாரு, அது எழுதறவரோட விருப்பம்ம்பான் சாம், மேல கேலரியில இருந்து அவனோட அப்பா வி போடுங்க ஐயான்னு கத்துவாரு, அதையும் தப்பா உச்சரிச்சுத்தான் கத்துவாரு. மொத்த தமாஷும் அந்த ஒரு எழுத்துலதான்.

அப்புறம் இந்த புக்க ஒரே மூச்சுல கேக்கணும்னு யாரும் எழுதல. 1836 ஏப்ரல்ல இருந்து 1837 நவம்பர் வரைக்கும் மாசம் ஒரு பகுதியா, ஒரு ஷில்லிங் விலைக்கு வந்தது, நம்ம பத்திரிகைத் தொடர்கதை மாதிரி. முதல்ல சரியா விக்கல, நாலாவது பகுதியில சாம் வந்த பிறகுதான் ஏற ஆரம்பிச்சு கடைசியில 40,000 பிரதி வரைக்கும் போச்சு. அதனால பத்தாவது அத்தியாயத்துல, சாம் செருப்புக்கு பாலிஷ் போட்டுக்கிட்டு இருக்குற இடத்துல இருந்து நேரா ஆரம்பிங்க, வாரத்துக்கு மூணு அத்தியாயம் போதும். இது காதுக்கு எழுதினதுதாங்கிறதுக்கு வேற சாட்சி வேண்டாம், டிக்கன்ஸே மேடையேறி வாசிச்சவரு, 1870 மார்ச்ல கடைசியா வாசிச்சப்பகூட இந்த கோர்ட் சீனத்தான் வாசிச்சாரு, அந்த ஜூன்லயே இறந்துட்டாரு.

லிப்ரிவாக்ஸ் 2005ல இருந்து தன்னார்வலர்களே வாசிச்சு போடுறது, நல்ல சேவை. ஒரே புக்குக்கு பல பதிப்பு இருக்கும், ஒருத்தரே முழுசா வாசிச்சத தேடி எடுங்க. வுட்ஹவுஸ் 1975லதான் இறந்தாரு, இந்தியாவுல ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை உண்டு, அதனால சீசில் குரல் வேணும்னா காசு குடுத்துத்தான் வாங்கணும். குடுக்கலாம், தப்பில்ல.

இலைவண்டி, கோத்தகிரி:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வெலிங்டன் அண்ணே, அந்த வ விஷயம் மட்டும் முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா ஒரு மாசம் மிச்சமாகியிருக்கும். டீச்சர், நீங்க சொன்ன படியே படகுல ஆரம்பிச்சேன். குஞ்சப்பனைக்கு இறங்குற வளைவுங்கள்ல டவர் கிடைக்காது, அதனால ராத்திரியே வீட்டுல இறக்கி வெச்சுக்குவேன். வேகத்துல டீச்சர் சொன்ன 0.9 நாலு நாள் வெச்சேன், அப்புறம் குன்னூர் அண்ணன் சொன்னது உண்மைன்னு தெரிஞ்சு 1க்கு மாத்திட்டேன்.

போன வியாழக்கிழமை அரவேணு தாண்டி சரியான மூடுபனி, பத்தடிக்கு முன்னாடி எதுவும் தெரியல, ரோட்டு நடுவுல காட்டுமாடு ரெண்டு நிக்குது, லைட்ட குறைச்சுட்டு நிறுத்திட்டோம். பக்கத்து சீட்டுல எங்க லோடுமேன், அம்பது வயசு, இங்கிலீஷ் தெரியாது. அந்த நேரத்துல ஹாரிஸ் மேஸ்குள்ள போறாரு, பன் துண்டு வந்ததும் நான் சத்தமா சிரிச்சுட்டேன். என்னடான்னு கேட்டாரு. போன நிறுத்திட்டு படுக பாஷையில முழுசா சொன்னேன், வேலின்னு சொல்லாம தேயிலைக் காடுன்னே சொல்லிட்டேன். புதுசா வந்த வாட்ச்மேனும் தொலைஞ்சு போனான்னு சொன்னதும் டேஷ்போர்ட்ட தட்டிக்கிட்டு சிரிக்கிறாரு, பனியில எங்க அப்பா எங்க தோட்டத்துக்குள்ளயே ரெண்டு தடவை அதே கொய்யா மரத்துகிட்ட வந்து நின்னாருன்னு அவரு ஒரு கதை சொன்னாரு. காட்டுமாடு எப்ப போச்சுன்னே தெரியல.

மறுநாள் காலையில மூட்டை ஏத்திட்டு சீட்டுல உக்காந்த உடனே, அந்த மூணு பேரும் அப்புறம் எங்க போனாங்கன்னு கேட்டாரு. இப்ப தினமும் நான் ஒரு அத்தியாயம் முன்னாடி கேட்டு வெச்சுக்க வேண்டியிருக்கு. அடுத்தது அன்னாசி டின்ன திறக்க ஓப்பனர் இல்லாம அடிச்சு நொறுக்குற கட்டமாம், அத அவருக்கு சொல்றதுக்கு முன்னாடி நான் ரெண்டு தடவையாவது கேக்கணும்.