ஃபிளாட்ஹெட் வி8 ஓவர்ஹீட் ஆகுது, சனிக்கிழமைக்குள் உதவி வேண்டும்

டியூஸ்_ரோட்ஸ்டர்:
எல்லாருக்கும் வணக்கம். 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர், ஃபிளாட்ஹெட் என்ஜின் (வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும் பழைய வி8). ஓட்டினால் வெப்பமானி முள் 220 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டுகிறது. ரேடியேட்டர் புதுசு, வாட்டர் பம்ப் இரண்டும் புதுசு. சனிக்கிழமை காரை வெளியே எடுத்தே ஆகணும். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

உப்புப்பாலை:
எந்த வருஷத்து என்ஜின்? கார் 32 என்பதால் உள்ளே இருப்பதும் 32-இன் 221 கன அங்குல என்ஜின்தான் என்று சொல்ல முடியாது. டிஸ்ட்ரிபியூட்டர் (சிலிண்டர்களுக்குப் பொறியைப் பிரித்துத் தருவது) எங்கே இருக்கிறது, ஹெட்டில் தண்ணீர்க் குழாய் நடுவில் வருகிறதா, முன்பக்கம் வருகிறதா? அதைச் சொன்னால்தான் மேலே பேச முடியும்.

மணல்வார்ப்பு:
பிளாக்கைச் சுத்தம் செய்தீர்களா? பிளாக்கை வார்த்தபோது தங்கிய வார்ப்புமணல் இன்னும் உள்ளே கிடக்கும். பின்பக்க சிலிண்டர்களைச் சுற்றித் துருவோடு சேர்ந்து கல் மாதிரி இறுகிவிடும். கம்பி விட்டுக் குத்தி எடுத்தால்தான் வரும். ஃபிளாட்ஹெட் சூடேறினால் பத்துக்கு ஒன்பது இதுதான்.

நான்கு_இறக்கை:
ஃபேன்தான். அந்தச் சின்ன ஃபேனால் ஒன்றும் ஆகாது. எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டுங்கள், வேலை முடிந்தது.

பழைய_ஸ்பானர்:
தம்பி, என்ஜின் நம்பர், கார்பரேட்டர், ஹெட் என்ன என்று ஒரு வரி எழுதாமல் உதவி கேட்டால் ஜோசியம்தான் பார்க்க முடியும். ஃபிளாட்ஹெட்டைத் தொடுகிறவர்கள் முதலில் அதன் வடிவமைப்பைப் படிக்க வேண்டும். வெளியேறும் புகை சைலன்சருக்குப் போகும் முன்னால் பிளாக்கின் உள்ளே தண்ணீர் அறைகளுக்கு நடுவே புகுந்து போகிறது. ஒரு பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், புகை வழி மூன்றுதான். நடுவிலிருக்கும் இரண்டு சிலிண்டரும் ஒரே வழியில் ஊதும். அதனால் பற்றவைப்பில் சின்னக் கோளாறு இருந்தாலும் சூடு நேரே தண்ணீரில் ஏறும்.

உப்புப்பாலை:
ஸ்பானர் அண்ணா சொல்வது சரிதான், சொல்கிற தோரணையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நண்பரே, இன்னொரு முக்கியமான கேள்வி: நிற்கும்போது சூடேறுகிறதா, ஓடும்போதா?

டியூஸ்_ரோட்ஸ்டர்:
என்ஜின் 8பிஏ (1949-53 ஃபோர்டு ஃபிளாட்ஹெட்), 51 மாடல். டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் நின்ற வாக்கில் இருக்கிறது, அது ஒரிஜினல். கார்பரேட்டர் ஸ்ட்ரோம்பெர்க் 97 இரண்டு. ஐடிலில் எவ்வளவு நேரம் நின்றாலும் 180. ஹைவேயில் 55 மைல் வேகத்தில் போனால் ஏறுகிறது, இழுவையும் இல்லை.

நான்கு_இறக்கை:
அப்போதும் ஃபேன்தான் என்று நினைக்கிறேன்.

உப்புப்பாலை:
55 மைலில் ஃபேனுக்கு வேலையே இல்லை, எதிர்காற்றே போதும். நிற்கும்போது சூடேறினால்தான் ஃபேன் கதை. மணலாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் இழுவை இல்லை என்கிறாரே, அதற்கு மணல் பதில் சொல்லாது.

பழைய_ஸ்பானர்:
97 இரண்டு, ஒரிஜினல் டிஸ்ட்ரிபியூட்டர். இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நேற்றே முடிந்திருக்கும். 1949 முதல் 53 வரை ஃபோர்டு போட்டது லோடோமேட்டிக் டிஸ்ட்ரிபியூட்டர். அதில் சுழலும் எடைகள் கிடையாது. அட்வான்ஸ், அதாவது வேகம் கூடக் கூடப் பொறியை முன்கூட்டியே விழவைப்பது, முழுவதும் அந்தக் கால ஹோலி கார்பரேட்டர் தரும் வேக்குவத்தை நம்பியே நடக்கிறது. 97-இல் அந்தத் துளையே இல்லை. அதனால் வேகம் கூடினாலும் பொறி தாமதமாகவே விழும். வால்வு திறக்கும்போதும் கலவை எரிந்துகொண்டிருக்கும். அந்த நெருப்பு பிளாக் வழியே போகும். 48 வரைக்குமான டிஸ்ட்ரிபியூட்டரில் எடைகள் உண்டு, அதனால் அவற்றில் 97 போட்டாலும் இந்த வம்பு வராது. டைமிங் லைட்டைப் பிடித்து ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். புல்லியில் இருக்கும் குறி நகராது.

குரோம்_வேலு:
இத்தனை பாடு எதற்கு? செவ்ரோலெட்டின் 350 கன அங்குல வி8 போட்டால் நிம்மதி.

மணல்வார்ப்பு:
350 வந்ததே 1967 கமாரோவில்தான். பாரம்பரிய ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்) என்று சொல்லிவிட்டு அதைப் போட முடியாது. 1955-இன் 265, 57-இன் 283 என்றால் ஒப்புக்கொள்வேன்.

குரோம்_வேலு:
இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் கலிஃபோர்னியாவின் மியூராக் வறண்ட ஏரிப்படுகையில் ஓட்டின பையன்கள் கையில் கிடைத்ததைத்தான் போட்டார்கள். வேகமாகப் போகணும், அவ்வளவுதான். வருஷம் பார்த்து என்ஜின் போடுவது பின்னால் வந்த பழக்கம்.

மணல்வார்ப்பு:
அவர்கள் கையில் கிடைத்தது அந்தக் காலத்துப் பொருள். நாம் ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டுகிறோம். 1950 என்று முடிவு செய்தால் அன்று கடையில் கிடைக்காத எதுவும் காரில் தெரியக்கூடாது. ரேடியேட்டருக்கு முன்னால் பிளாஸ்டிக் ஃபேன் தெரியும் டியூஸை (32 ஃபோர்டை) பார்த்தால் எனக்கு மனசு ஒப்பாது.

நான்கு_இறக்கை:
ஃபேனைப் பின்பக்கம் மாட்டலாம், யாருக்கும் தெரியாது. கார் வழியில் நின்றால் அந்த அழகை யார் பார்க்கப் போகிறார்கள்?

உப்புப்பாலை:
இந்தச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன். டியூஸ் நண்பரே, குறி நகர்ந்ததா? நகரவில்லை என்றால் 8பிஏவுக்கான மாலரி கம்பெனி இரட்டை பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டர் பழையது ஒன்று தேடுங்கள், அட்வான்ஸ் எடையிலேயே நடக்கும். இன்னொன்று, ஹெட் கேஸ்கெட் 8பிஏவுக்கு உரியதுதானா பாருங்கள். முந்தைய 59ஏ என்ஜின் கேஸ்கெட்டில் தண்ணீர்த் துளைகள் வேறு மாதிரி இருக்கும்.

டியூஸ்_ரோட்ஸ்டர்:
குறி அசையவே இல்லை. பக்கத்து ஊரில் ஒருவரிடம் மாலரி கிடைத்தது, மாட்டியாச்சு. ஹைவேயில் 185. இழுக்கவும் செய்கிறது. நன்றி.

பழைய_ஸ்பானர்:
கேஸ்கெட் பார்த்தீர்களா? டைமிங் எத்தனை டிகிரியில் வைத்தீர்கள்?

மணல்வார்ப்பு:
பிளாக்கையும் ஒரு தடவை சுத்தம் செய்துவிடுங்கள்.